பொட்டு வைத்த பெட்டி

ஜோதியம்மாளைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையாக இருந்து அவள் சம்பாதித்தது ஒரு செவிட்டுக் காது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பொறுமையை விட்ட பிறகு வந்தது.

நான் சைலஜா. அண்ணாமலையார் கோயில் குருக்கள் வீட்டுப் பெண். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் நடந்த மகளிர் துணை மையத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீட்டில் அடிபட்ட பெண்கள் அங்கே வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். ஜோதியம்மாள் அங்கே பெருக்கித் துடைக்க வந்தவள். ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் ஆபீஸ் சர்வரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டது அவள்தான் என்று சொன்னால் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருத்தருக்கும் அந்தப் பெட்டிக்காகக் கை வெந்ததில்லை.

1989-இல் அவளுக்கு இருபத்தொரு வயது. புருஷன் பரசுராமன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று ஒரு நாள் விறகுக் கட்டையை எடுத்து இடது காதோடு சேர்த்து ஓங்கி அடித்தான். காதிலிருந்து வழிந்த ரத்தம் ஜாக்கெட்டை நனைத்தது. துடைக்காமல், அதே கோலத்தில், நாலு மைல் நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் போய் சாயங்காலம் ஆயிற்று. புகார் எழுதுகிற போலீஸ்காரர் கடைசியில் வந்து குனிந்து பார்த்தார். "ரத்தம் காஞ்சிடுச்சேம்மா. இனிமே என்னத்த எழுதறது? வூட்டுக்குப் போ" என்றார்.

இதை அவள் என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பாள். "அடிச்சதக்கூட வுட்டுடுவேன் சைலஜாம்மா. எழுதாம அனுப்பினான் பாருங்க, அத்ததான் வுட முடியல" என்பாள். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

அப்புறம் நாலு வருஷம் அதே வீட்டில் இருந்தாள். ஏன் இருந்தாய் என்று கேட்பவர்களை நான் எழுந்து போகச் சொல்லிவிடுவேன். 1993-இல் ஒரு நாள் பரசுராமன் அவளைக் கீழே தள்ளிக் கழுத்தில் காலை வைத்து மிதித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கைக்கு உலக்கை அகப்பட்டது. படுத்த வாக்கிலேயே அவன் முழங்காலில் ஒரு போடு போட்டாள். எழுந்து நின்று இன்னொன்று. "அவன் கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல. எலும்பு உடைஞ்சதுதான் கேட்டுச்சு. நல்ல காதுலதான்" என்றாள். சொல்லும்போது முகத்தில் வருத்தம் துளி இல்லை. கட்டின புடவையோடு ஊருக்குள் வந்து ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். 1996-இல் எங்கள் மையத்துக்கு வந்தாள். முதல் நாளே சுவரோரம் அடுக்கியிருந்த ஃபைல்களைக் காட்டி, "இதுல எல்லாம் அடிவாங்குனவங்க கதைங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்த பிறகுதான் அந்த ஃபைல்களைத் தொட்டாள்.

2000-இல் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரமணாசிரமம் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரி ஏற்பாடு. மேஜைக்கு ஒன்றாக மூன்று கம்ப்யூட்டர், ஒரு டிஜிட்டல் கேமரா, பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் ஒரு சர்வர். நாங்கள் மூன்று மேஜையில் எதை அடித்தாலும், எந்த ஃபோட்டோவை ஏற்றினாலும், எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் போய் உட்காரும். கரண்ட் போனால் அது சட்டென்று நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் ஒரு யு.பி.எஸ்., அதோடு சேர்ந்த பெரிய பேட்டரி. லாரிக்கு வைப்பார்களே, அந்த அளவு. உள்ளே முழுக்க ஆசிட்.

பொருத்தியவன் வேலூரிலிருந்து வந்த எழில் என்ற பையன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும், தினமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றான். எங்கள் தலைவி வடிவாம்பாள் மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அதன் சத்தமே பயம். ஜோதியம்மாள் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். "அந்த ரூமைப் பெருக்கறது நான்தான. நானே பாத்துக்கறேன்" என்றாள்.

எழில் ஒரு சார்ட் பேப்பரில் பெரிய பெரிய தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். பெட்டியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, முன்னால் உள்ள வலையில் தூசி அடைந்தால் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், மாதம் ஒருமுறை பேட்டரி மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று போகும் அது. ஆசிட் மேலே பட்டால் தேய்க்காமல் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கடைசி வரி. நிறுத்துவதற்குத் திரையில் சிவப்பாக ஒரு பொம்மை வைத்துக் கொடுத்தான். அதன்மேல் இரண்டு தட்டு, திரை கறுப்பானதும் சுவிட்ச். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தெரியாது. கேட்டதும் இல்லை.

சார்ட்டில் இல்லாத ஒன்றையும் அவளாகச் செய்தாள். தினமும் காலையில் வந்ததும் மண்டியிட்டு வலது காதைப் பெட்டியில் வைத்துக் கேட்பாள். ஒரு நாள், "விசிறி இழுத்து இழுத்து ஓடுது, அந்தப் பையனக் கூப்புடுங்க" என்றாள். எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எழில் வந்து கழற்றிப் பார்த்தான். விசிறி இன்னும் நாலு நாளில் நின்றிருக்கும் என்றான்.

அவளும் ஒரு தப்புப் பண்ணினாள், நம் ஊர்க்காரர்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துச் சர்வரின் முகத்தில் வழிய வழியப் பூசி, விபூதியை அள்ளிப் போட்டு, ஓட்டைகளில் அரளிப்பூவைச் செருகி, கற்பூரம் காட்டிவிட்டாள். விசிறி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்று நாள் ஆபீஸ் நின்றது. எழில் பஸ் பிடித்து வந்து, திறந்து, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினான். நல்ல பையன், திட்டவில்லை.

"சாமி கும்புடறத நான் வேணாங்கல ஜோதிம்மா. இதுக்கு மட்டும் வெக்காதீங்க, இது மூச்சு வுடற பொருளு. அந்தப் பேட்டரிக்கு வெய்யுங்க. அதுதான் இத்தக் காப்பாத்துது" என்றான்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பேட்டரிக்குப் பொட்டு, ஆயுத பூஜைக்கு மாலை. சர்வருக்கு ஒரு துண்டு மட்டும் போர்த்தி மூலையில் விட்டுவிடுவாள். அதுவும் நிறுத்தி வைத்திருக்கும்போதுதான்.

இனிமேல் வருவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

2001 டிசம்பரில், தீபம் முடிந்த மறுவாரம், அடி அண்ணாமலையிலிருந்து மணிமொழி வந்தாள். இருபத்திரண்டு வயது, பி.ஏ. படித்தவள். புருஷன் வேணு கிரிவலப் பாதையில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தான். பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். கடையில் நின்று அவள் யாரையாவது பார்த்துச் சிரித்துவிட்டால், கூட்டம் கலைந்த பிறகு அடி. அந்தத் தடவை சோடா பாட்டிலால் வாயில் குத்தியிருந்தான். மேலுதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாகச் சொல்லித் தையல் போட்டிருந்தார்கள். நான் ஃபோட்டோ எடுத்துச் சர்வரில் ஏற்றினேன்.

மறுநாள் வேணு ஆப்பிள் பையோடு வந்து வடிவாம்பாள் மேடத்தின் காலில் விழுந்தான். மேடத்துக்குக் குடும்பங்களைச் சேர்த்து வைப்பதில் ஒரு பெருமை. வருஷா வருஷம் அறிக்கையில் அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் போடுவார். சமாதானக் கடிதம் ஒன்று தயார் பண்ணச் சொன்னார். நான் அடித்தேன். 'குடும்பத்தில் ஏற்பட்ட சிறு மனவருத்தம் நீங்கி, என் சொந்த விருப்பத்தின் பேரில் கணவருடன் செல்கிறேன்' என்று. மணிமொழி தையல் போட்ட வாயோடு அதைப் படித்தாள்.

"அக்கா, இந்தச் 'சிறு'ங்கறத மட்டும் எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"அது ஃபார்மட்மா. எல்லா லெட்டர்லயும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். போனாள்.

மார்ச்சில் வந்தாள். முதுகில் சிகரெட்டால் சுட்ட காயம் பதினொன்று. ஜூனில் வந்தாள். கதவிடுக்கில் கையை வைத்துச் சாத்தியிருந்தான், இரண்டு விரல் எலும்பு நொறுங்கியிருந்தது. இரண்டு தடவையும் ஃபோட்டோ எடுத்தேன். இரண்டு தடவையும் அவன் அந்தக் கடிதத்தைக் காட்டி, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்தானே என்று கூட்டிக்கொண்டு போனான். ஆகஸ்டில் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். தலை பின்பக்கம் உடைந்திருந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் வேணு. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் வக்கீல் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். ஃபோட்டோக்களின் பிரதியைக் கொடுத்ததும் எதிர்த்தரப்பு, இதெல்லாம் இப்போது ஜோடித்தது என்றது. அப்படியானால் பிரதி வேண்டாம், அவை இருக்கிற மெயின் பெட்டியிலேயே தேதியைப் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் வரட்டும் என்று நீதிபதி சொல்லி, அக்டோபரில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். வேணு பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மணிமொழிக்காகப் பேச உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெட்டிதான். அதுவும் இல்லையென்றால் அவள் வழுக்கி விழுந்தவள்தான்.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை. ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு என்பதால் ஜோதியம்மாள் சர்வரை முறையாக நிறுத்தி, ஒயரைக் கழற்றி, மூலையில் தள்ளி, மேலே பழைய துண்டைப் போர்த்தினாள். பேட்டரிக்கு உள்ளங்கை அகலத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், சாமந்தி மாலை. மேலே யு.பி.எஸ். பச்சை விளக்கோடு 'ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. காலை எட்டு மணி. தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. ஆபீஸுக்கு லீவு. வக்கீலுக்கு ஒரு பட்டியல் அடிக்க வேண்டியிருந்ததால் நான் போனேன். சர்வரைப் போட்டுக்கொடுக்க ஜோதியம்மாள் வந்தாள். பூஜை கலைப்பதற்குக் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டை உதைக்கிற சத்தம் கேட்டது.

ஐந்து பேர். முன்னால் வேணு, கையில் கடப்பாரை. நான் மேடம் ரூமுக்குள் ஓடிப் பெரிய மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். தரை வரை தொங்கும் மேஜைவிரிப்பின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே ஸ்டோர் ரூம் வாசல் முழுசாகத் தெரிந்தது. எதையும் பார்க்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதலில் மேஜைமேல் இருந்த மூன்று மானிட்டரையும் உடைத்தார்கள். கண்ணாடி வெடித்தது. ஃபைல்களை வாரி வாசலில் போட்டு நெருப்பு வைத்தார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சுதுடா" என்றான்.

"டேய், இது வெறும் டிவிடா. மெயின் பெட்டின்னு ஒன்னு கீதுன்னு ஜட்ஜே சொன்னாரு" என்றான் வேணு. ஜோதியம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்து வந்து சுவரில் மோதினான். "எதுடி மெயின் பெட்டி?"

"தெரியாது. பெருக்கறவ நானு."

வயிற்றில் உதைத்தான். மடங்கி விழுந்தவளின் விலாவில் இன்னொருத்தன் உதைத்தான். வாயிலிருந்து ரத்தம் வந்தது. வேணு குனிந்து அவள் இடது காதில் கத்தினான். அது செவிடு என்று அவனுக்குத் தெரியாது. பதில் வராத கோபத்தில் கடப்பாரையின் பின்பக்கத்தால் தோளில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் மேஜைக்கு அடியில் எனக்குக் கேட்டது.

அப்போது ஒருத்தன் ஸ்டோர் ரூம் மூலைக்குப் போய், "இது இன்னாடா?" என்று துண்டின் முனையைத் தொட்டான்.

ஜோதியம்மாள் தரையிலிருந்து எழுந்தாள். உடைந்த தோளோடு எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஓடினாள். மூலைக்கு ஓடவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த பேட்டரிமேல் போய் விழுந்தாள், மாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, இத்தத் தொடாதீங்கடா! நாசமாப் போவீங்க! இத்த மட்டும் தொடாதீங்கடா!" என்று ஊரே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தாள்.

ஐந்து பேரும் திரும்பினார்கள். சந்தனம், குங்குமம், மாலை, பச்சை விளக்கு, 'ம்ம்' என்ற சத்தம். ஆயுத பூஜைக்குப் பெரிய பொட்டு எதற்கு வைப்பார்கள் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? துண்டைத் தொட்டவன் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? துண்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியும் உடையட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான், ஆனால் நினைத்தேன். அதற்குள் மணிமொழியின் உதடு மட்டும் இல்லை, நான் அடித்த கடிதமும் இருந்தது, தேதியோடு. நிபுணர் திறந்தால், வேணு காட்டித் திரிந்த கடிதத்தை அடித்தது எங்கள் ஆபீஸ்தான் என்பதும் வெளியே வரும். ஜோதியம்மாள் வாயில் ரத்தம் வழிய அதைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வந்த நினைப்பு இது. தூ.

இரண்டு பேர் அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். கைகளை விடவில்லை. வேணு கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கி, பொட்டின் நடுவில், முழு பலத்தோடு இறக்கினான்.

கூரை இடிந்த மாதிரி ஒரு வெடிச்சத்தம். நீலமாக ஒரு தீப்பொறி. பேட்டரி பிளந்து ஆசிட் மேலே பீறிட்டது. குனிந்திருந்த வேணுவின் முகத்தில் முழுசாகப் பட்டது. கடப்பாரையைப் போட்டுவிட்டு முகத்தைப் பிறாண்டிக்கொண்டு சுவர் சுவராக மோதினான். அந்த அலறலை எழுத எனக்குத் தெரியாது. கேட்டபோது சந்தோஷமாக இருந்தது என்பதை மட்டும் எழுதத் தெரியும். கூட வந்தவர்கள் அவனை இழுத்துக்கொண்டு எரியும் ஃபைல்களை மிதித்து ஓடினார்கள்.

நான் வெளியே வந்தபோது ஜோதியம்மாள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை தோல் வெளுத்து, புகைந்து, சுருண்டுகொண்டிருந்தது. நான் முந்தானையால் துடைக்கப் போனேன்.

"தேய்க்காதடி! தண்ணி ஊத்து! அரை மணி நேரம்!" என்று கத்தினாள்.

சுவரில் இருந்த சார்ட்டின் கடைசி வரி. எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை 'டி' போட்டுப் பேசினாள். கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப் போய் ஊற்றினேன். தண்ணீரோடு தோல் உரிந்து சாமந்தி இதழ்களோடு சேர்ந்து ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"துண்டு அப்படியே கீதா?"

"இருக்கு ஜோதிம்மா."

"அப்ப சரி" என்றாள். அதற்கப்புறம்தான் மயங்கினாள்.

போலீஸ் வேணுவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிடித்தது. ஒரு கண் போயிருந்தது. கோர்ட் தேதி இரண்டு வாரம் தள்ளிப் போனது. நிபுணர் வருவதற்கு முதல் நாள், எழில் புதுப் பேட்டரியும் ஒரு மானிட்டரும் கொண்டுவந்து சர்வரைப் போட்டான். ஜோதியம்மாளும் வந்தாள், தோளில் கட்டு, இரண்டு கையிலும் கட்டு. மண்டியிட்டு வலது காதைப் பெட்டியில் வைத்தாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"நல்லா ஓடுது" என்றாள்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "சைலஜா, அந்தச் சமாதானக் கடிதம் நம்ம பெட்டியில எதுக்கு? அவன் கையில இருக்கிற காகிதத்துல நம்ம பேர் இல்ல. நம்ம பேரும் கெடும், கேஸும் கெடும். எடுத்துடு" என்றார்.

நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மணிமொழி என்ற ஃபோல்டரைத் திறந்தேன். ஃபோட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜோதியம்மாள் பின்னால் வந்து நின்றாள். இரண்டரை வருஷம் அந்தப் பெட்டிக்கு ஊழியம் பார்த்தவள், உள்ளே இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். பிளந்த உதடு, சிகரெட் வட்டங்கள், வீங்கிய விரல்கள். கடைசியில் கடிதம் நின்றது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சிறு மனவருத்தமா? எவன் எழுதினான் இத்த?"

"நான்தான்" என்றேன். "அவ அந்த வார்த்தைய எடுக்கச் சொன்னா. நான் எடுக்கல. இப்ப மேடம் லெட்டரையே எடுக்கச் சொல்றாங்க."

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கட்டுப்போட்ட கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"நான் காவல் காத்தது மொத்தத்துக்கும்தான். உனக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும்னு இல்ல" என்றாள். "எழுதினது எழுதினதா இருக்கட்டும்."

எடுக்கவில்லை. மேடம் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நிபுணர் தேதிகளைப் பார்த்து, எல்லாம் அந்தந்த நாளில் ஏற்றியவைதான் என்று எழுதிக் கொடுத்தார். கடிதத்தையும் சேர்த்துத்தான்.

விசாரணை இழுத்து இழுத்து 2005 வரை போயிற்று. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கடிதத்தைக் கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "சிறு மனவருத்தம் என்றுதானே இருக்கிறது? அப்படியானால் பெரிய கொடுமை எதுவும் நடக்கவில்லை, சரிதானே?" என்றார்.

"அந்த வார்த்தையை எழுதினது நான். அவள் எடுக்கச் சொல்லிக் கேட்டாள், உதட்டில் ஆறு தையலோடு. ஃபார்மட் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் எடுத்த ஃபோட்டோதான் மீதி எல்லாம்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பின் பெஞ்சில் மணிமொழியின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு வேண்டியதுதான்.

வேணுவுக்குப் பத்து வருஷம். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் அவனுடைய கூட்டாளி ஒருத்தன் ஜோதியம்மாள் பக்கத்தில் வந்து, "உங்க ஆபீஸ் எங்க போயிடப் போவுது, பாத்துக்கறோம்" என்றான். அவள் செவிட்டுக் காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வந்தாள். சிவப்பு பொம்மையை இரண்டு தட்டுத் தட்டிச் சர்வரை நிறுத்தினாள். விரல்கள் சரியாக விரியாது, மணிக்கட்டால் அழுத்தித்தான் இப்போதெல்லாம் செய்வாள். மூலையில் தள்ளித் துண்டைப் போர்த்தினாள். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துப் பேட்டரியைக் காட்டினாள்.

நான் விரல் நுனியில் தொட்டுச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

"பெருசா வைடி. வாசல்லருந்து பாத்தாலே தெரியணும்" என்றாள்.